படமும் படக்குறிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கக் கிராமப்புற வறுமையையும் ஊர் ஊராகக் கூலி தேடி அலைந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களையும் பதிவு செய்த அரசாங்கப் புகைப்படக் கலைஞர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையையொட்டி வந்த கடிதங்களில் பலரும் எழுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் படத்தை என் வகுப்பில் காட்டினேன். “இவருடைய பெயர் என்ன? பிறகு இவருக்கு என்ன ஆயிற்று?” என்று மாணவிகள் கேட்டார்கள். (பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)

பதில்: படம் எடுத்தவர் அன்று கேட்கத் தவறிய கேள்வியை உங்கள் மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். 1936 மார்ச் மாதத்தில், கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊருக்கு அருகே, உறைபனியில் பட்டாணிப் பயிர் கருகிப்போனதால் வேலையற்றுக் கிடந்த தொழிலாளர் முகாமில் டொரோதியா லாங் அந்தப் படத்தை எடுத்தார். பல வாரப் பயணம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அவர், முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து சுமார் 20 மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கித்தான் கூடாரத்தின் கீழே குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பத்தே நிமிடத்தில் சில படங்கள் எடுத்துவிட்டுப் புறப்பட்டார். பெயரையோ கடந்த கால வாழ்க்கையையோ தான் கேட்கவில்லை என்று 1960-ல் அவரே எழுதினார். அரசாங்கக் கோப்பில் பதிவான குறிப்பு, கலிஃபோர்னியாவில் வறுமையில் வாடும் பட்டாணி பறிப்போர், ஏழு குழந்தைகளின் தாய், வயது 32, என்ற அளவோடு நின்றுவிட்டது.

அவருடைய பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன். இன்றைய ஓக்லஹோமா மாநிலமாக இருக்கும் நிலப்பகுதியில் 1903-ல், செரோக்கீ பழங்குடி வழியில் பிறந்தவர். வறட்சிக்கும் புழுதிப் புயலுக்கும் தப்பி ஓடிவந்தவர் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்க, அவரோ அந்தப் புயல்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1920-களிலேயே, கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டவர். முதல் கணவர் 1931-ல் இறந்துவிட, பருத்தி எடுத்தும் காய்கறி பறித்தும் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அன்று அந்த முகாமில் தங்கியதுகூட வண்டி பழுதடைந்ததால்தான். ஆண்கள் அதைச் சரிசெய்ய ஊருக்குள் போயிருந்த நேரத்தில்தான் லாங் வந்தார். உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் வண்டியின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் எழுதியது உண்மையல்ல, விற்பதற்கு எங்களிடம் டயரே இல்லை என்று மகன் ஒருவர் பின்னர் மறுத்தார். ஒரே நாளில் பல முகாம்களில் பலரிடம் கேட்ட செய்திகளில் வேறொரு குடும்பத்தின் கதை இந்தப் படத்தோடு கலந்துவிட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அந்தப் படங்கள் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் சில நாட்களிலேயே வெளிவந்தன. உடனடியாக 20,000 பவுண்டு உணவுப்பொருள் முகாமுக்கு அனுப்பப்பட்டது. ஆனால், அது வந்து சேர்வதற்குள் ஃப்ளாரன்ஸின் குடும்பம் அடுத்த அறுவடையைத் தேடிப் போய்விட்டிருந்தது. அவருடைய முகம் நாடெங்கும் அச்சாகிக்கொண்டிருந்த நாற்பது ஆண்டுகளாக அவர் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாமலே இருந்தது. 1958-ல், தம் படத்தை அச்சிட்ட பத்திரிகை ஒன்றுக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 1978-ல் மொடெஸ்டோ நகரத்து நாளிதழ் அவரைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தபோது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், தம் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும், பிரதி அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவே இல்லை என்றும், தமக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்றும் சொன்னார். 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். 35,000 டாலர் அளவுக்குப் பணமும், அந்தப் படம் தங்களுக்குத் தந்த மனத்துணிவைச் சொல்லும் கடிதங்களும் வந்து குவிந்தன. அந்தக் கடிதங்களைப் படித்த பிறகே அம்மாவின் படத்தை அதுவரை வெறுத்த பிள்ளைகளின் மனம் மாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

லாங்கின் தரப்பையும் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். அந்த நெகட்டிவ் அரசாங்கச் சொத்து. அது அச்சான ஒவ்வொரு முறையும் லாங்குக்குப் பணம் வந்ததாக நினைப்பது தவறு. ஆனாலும், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பணம் தேவைப்பட்டிருக்காது என்பதால், அந்தத் தாயின் மனக்குறையை முற்றிலும் நியாயமானதாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: தன் நாட்டின் வறுமையைத் தானே படமெடுத்து வெளியிட ஓர் அரசாங்கம் ஏன் முன்வந்தது? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களுக்கு நாடாளுமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் கடுமையான எதிர்ப்பு இருந்தது. நலிந்த உழவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கும், நிலமிழந்தவர்களை மறுபடி குடியமர்த்துவதற்கும், தொழிலாளர் முகாம் கட்டுவதற்கும் ஆகும் செலவை நியாயப்படுத்த வேண்டுமானால், கிராமத்தையே பார்க்காத நகரத்து வாக்காளருக்கு அதன் நிலையைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக 1935-ல் மீள்குடியமர்வு நிர்வாகத்தில் தொடங்கப்பட்ட புகைப்படப் பிரிவு, 1937-ல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறிய பிறகும் தொடர்ந்து, 1942-ல் போர்க்காலச் செய்தித் துறைக்கு மாற்றப்பட்டு, 1944-ல் தன் தொகுப்பு முழுவதையும் நாடாளுமன்ற நூலகத்திடம் ஒப்படைத்தது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அங்கே இருக்கின்றன. தொடக்கம் பிரசாரம்தான், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், பிரசாரத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாக அந்தக் கலைஞர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

அதற்கு முக்கியக் காரணம், பிரிவின் தலைவரான ராய் ஸ்ட்ரைக்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவரான அவர் புகைப்படக் கலைஞர் அல்லர். பருத்தி விளையும் தென்மாநிலங்களுக்குப் புறப்படத் தயாராக வந்து நின்ற பிரிவின் புகைப்படக் கலைஞர் கார்ல் மைடன்ஸிடம், பருத்தியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அதிகம் தெரியாது என்று பதில் வந்ததும், அந்தப் பயணத்தைத் தள்ளிவைத்து, பருத்தியின் சாகுபடி, விலை, அதை நம்பிய மக்களின் வரலாறு ஆகியவற்றை இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து விளக்கினார். எதை எடுப்பது என்பதற்கு விரிவான பட்டியல்களை அனுப்பினார். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதி அனுப்பும்படி வற்புறுத்தினார். நான் இந்தத் தொகுப்பை மதிப்பதற்கு முதல் காரணமே அந்தக் குறிப்புகள்தான்.

அதே ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளைபோட்டு அவற்றை அச்சிட முடியாதபடி செய்தவரும் ஆவார். ஆயிரக்கணக்கான படங்கள் அப்படிப் பாழாயின. உழவர் ஒருவரின் முகத்துக்கு நடுவே கறுப்பு வட்டம் விழுந்த அச்சுகளை இன்று பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த மனிதர் தன் உழைப்பு நேரத்தில் கேமராவுக்கு முன் நின்றதற்கு ஸ்ட்ரைக்கர் காட்டிய மரியாதை இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அவருடைய கலைஞர்கள் எதிர்த்த பிறகே அந்த வழக்கத்தை அவர் கைவிட்டார்.

கேள்வி: இந்தப் படங்களில் சில ‘செட்-அப்’ செய்யப்பட்டவை என்று படித்தேன். அப்படியானால் அவற்றை ஆவணம் என்று சொல்லலாமா? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசக் கூடாது. 1936-ல் அதே பிரிவின் கலைஞர் ஆர்தர் ராத்ஸ்டைன் வறட்சிப் பகுதியில் கிடந்த மாட்டு மண்டையோடு ஒன்றைச் சில அடி தூரம் நகர்த்தி வைத்து வெவ்வேறு படங்கள் எடுத்தார். ரூஸ்வெல்ட் வடக்கு டகோட்டாவுக்கு ரயிலில் வந்த சமயம் பார்த்து, எதிர்க்கட்சிச் சார்புள்ள செய்தித்தாள்கள் அதைப் பெரும் மோசடியாக்கின. வறட்சியோ உண்மை. எலும்பை நகர்த்தியதால் அரசின் எதிரிகளுக்கு ஒரு கருவி கிடைத்ததுதான் மிச்சம். லாங்கின் படத்தில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த கைவிரல் ஒன்று கீழ் மூலையில் தெரிந்தது; அது கண்ணை உறுத்துவதாக நினைத்து 1939-ல் நெகட்டிவிலேயே அதை மறையச் செய்தார் லாங். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை.

என்னைப் பொறுத்தவரை எலும்பும் விரலும் சிறிய விஷயங்கள். படத்தை வெட்டுவதால் வரும் பொய் இவற்றைவிடப் பெரியது. 1936-ல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே லாங் எடுத்த படம் ஒன்றில், பருத்தித் தோட்டத்து வெள்ளையர் தன் காரின் மேல் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். அவருக்குப் பின்னால் கடையின் திண்ணையில் கறுப்பினத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். யார் நிலத்தின் அதிகாரி, யார் அதில் உழைப்பவர் என்பதை அந்த ஒரே சட்டகம் சொல்லிவிடுகிறது. 1938-ல் வெளிவந்த ஒரு கவிதை நூலில், பின்னாலிருந்தவர்களை வெட்டி நீக்கிவிட்டு அந்த வெள்ளையரை மட்டும் சுதந்திர அமெரிக்க மனிதனின் அடையாளமாக அச்சிட்டார்கள். எதுவும் நகர்த்தப்படவில்லை, எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆனால் பொருளே தலைகீழாகிவிட்டது.

கேள்வி: இத்தனை படங்களால் அந்தத் தொழிலாளருக்கு ஏதாவது நன்மை கிடைத்ததா? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: கிடைத்தது, ஆனால் சிறிய அளவில். 1935-ல் பொருளாதாரப் பேராசிரியர் பால் டெய்லர் கலிஃபோர்னியாவின் நிவாரணத் துறைக்காகத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தபோது, புகைப்படக்காரருக்குச் சம்பளம் தர விதி இடம் கொடுக்காததால் தட்டச்சர் என்ற பதவிப் பெயரில் லாங்கை வேலைக்குச் சேர்த்தார். அவ்வாண்டின் இறுதியில் இருவரும் மணம் செய்துகொண்டனர். டெய்லரின் விவரங்களும் லாங்கின் படங்களும் சேர்ந்த அறிக்கைகளின் பேரில் மேரிஸ்வில், ஆர்வின் ஆகிய இடங்களில் கூட்டரசின் நிதியில் முகாம்கள் எழுந்தன. வாய்க்கால் ஓரத்தில் அந்த வாய்க்கால் தண்ணீரையே குடித்துக்கொண்டு கிடந்த குடும்பங்களுக்குக் குழாய்த் தண்ணீரும், கழிப்பிடமும், தாங்களே நடத்திக்கொள்ளும் முகாம் குழுவும் கிடைத்தன. தொழிலாளர்கள் ஓரிடத்தில் கூடினால் சங்கம் வைப்பார்கள் என்று அஞ்சிப் பெருநில உரிமையாளர்கள் இவற்றை எதிர்த்தார்கள்.

ஆனால், வறுமையின் காரணத்தைப் படங்களால் தொட முடிந்ததா என்றால், இல்லை என்றே வழக்கறிஞரான உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1935-ல் வந்த தொழிலாளர் உறவுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தபோது விவசாயத் தொழிலாளரை விலக்கியது. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் விலக்கியது. 1938-ல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த சட்டமும் விலக்கியது. நாடே ஃப்ளாரன்ஸின் முகத்தைப் பார்த்து இரங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவரைப் போன்றோரை ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் நாடாளுமன்றம் வெளியே நிறுத்தியது. பருத்திச் சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் மானியம் என்று 1933-ல் கொண்டுவந்த திட்டத்தில் பணம் நிலவுடைமையாளர் கைக்கே பெரும்பாலும் போனது. வாரத்துக்கு உழுதவர்களை வெளியேற்றிவிட்டு, அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கியவர்கள் பலர். லாங் 1938-ல் டெக்சஸில் எடுத்த ஒரு படத்தில், உழவுச் சால்கள் ஆளில்லாத ஒரு வீட்டின் வாசல் வரை வந்து நிற்கின்றன. புழுதிப் புயல் மட்டுமே மக்களைத் துரத்தியது என்ற பொதுவான எண்ணத்துக்கு அந்தப் படமே போதுமான மறுப்பு. கலிஃபோர்னியாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பருத்தி விளைந்த பகுதிகளிலிருந்து போனவர்கள்.

சில வாரமே நீடிக்கும் அறுவடைக்குத் தேவைக்கு மேல் ஆட்கள் வந்து நின்றால்தான் கூலி குறையும் என்பது தோட்ட முதலாளிகளின் கணக்கு. அறுவடை முடிந்ததும் அதே ஆட்கள் ஊருக்குப் பாரம் என்று விரட்டப்பட்டார்கள். 1936 பிப்ரவரியில், அதாவது நிப்போமோ படம் எடுக்கப்பட்டதற்கு ஒரு மாதம் முன்பு, லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை தன் ஆட்களை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் பணமில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

கேள்வி: பிரபலமான படங்களில் வெள்ளையரே இருக்கிறார்களே. கறுப்பின மக்களும் பிறரும் அன்று ஏழைகளாக இல்லையா? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: இருந்தார்கள், படங்களிலும் இருக்கிறார்கள், அச்சில் வந்தவை குறைவு. கலிஃபோர்னியத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்தவர்கள் மெக்சிகோ, ஜப்பான், ஃபிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வந்தவர்கள். மந்தக் காலத்தில் மெக்சிக வம்சத்தவர் லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் அவர்களில் அடக்கம். லாங்கே சலினாஸில் கீரை அறுத்த ஃபிலிப்பினோ இளைஞர்களையும் இம்பீரியல் பள்ளத்தாக்கின் மெக்சிகக் குடும்பங்களையும் படமெடுத்திருக்கிறார். ஆனால், வெள்ளையர் முகத்தைக் கண்டால்தான் பொதுமக்கள் இரங்குவார்கள், நிதி ஒதுக்கீட்டுக்கு ஆதரவு கிடைக்கும் என்ற கணக்கில் ஸ்ட்ரைக்கரும் பத்திரிகை ஆசிரியர்களும் தேர்வு செய்தார்கள். வெள்ளைத் தாய் என்று உலகம் கொண்டாடிய ஃப்ளாரன்ஸ் செரோக்கீ வழியினர் என்பது தெரியாமல் போனதற்கும் அவரிடம் யாரும் கேட்காததே காரணம்.

கேள்வி: கடலூர்ப் பக்கம் கரும்பு வெட்ட வந்து தங்கும் குடும்பங்களைப் படமெடுக்க விரும்புகிறேன். லாங்கிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? (இளம் புகைப்படக் கலைஞர், விருத்தாசலம்)

பதில்: நல்ல எண்ணம், தம்பி. லாங்கை நிப்போமோவின் பத்து நிமிடத்தை வைத்து மட்டும் எடைபோட்டுவிடாமல், அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் வேலை செய்த முறையைப் பாருங்கள். ஏழு வயதில் போலியோ தாக்கியதால் வாழ்நாள் முழுவதும் காலைச் சாய்த்தே நடந்த அவர், முகாமுக்குள் மெல்ல நடந்து போவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அதை வெகுநேரம் எடுத்துக்கொண்டு குடிப்பார். குழந்தைகள் கேமராவைத் தொட்டுப் பார்க்க விடுவார். அந்த இடைவெளியில் அவர்களும் இவரை அளந்துகொள்வார்கள். டெய்லரோடு போகும்போது, அவர் கூலியையும் கடனையும் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க, மக்கள் சொன்ன சொற்களை லாங் நினைவில் நிறுத்தி, வண்டிக்கு வந்ததும் அப்படியே எழுதிவைப்பார். 1939-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அந்தச் சொற்களே படங்களோடு அச்சாயின. டெக்சஸ் சமவெளியில், நெற்றியில் ஒரு கையும் கழுத்தில் ஒரு கையும் வைத்து நிற்கும் ஒரு பெண்ணின் படத்தோடு, “செத்தால் செத்ததுதான், அவ்வளவுதான்” என்று அவர் சொன்னது இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் அதை வெறும் சோகப் படமாகப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்போம். அதைப் படித்த பிறகு, தன் நிலைமையைத் தானே எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஒருவரின் முன்னால் நாம் நிற்கிறோம்.

ஆகவே நோட்டுப் புத்தகத்தைக் கேமராவுக்குச் சமமாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு டன்னுக்கு என்ன கூலி, எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், அதில் இன்னும் எவ்வளவு பாக்கி, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்பில் நின்றது என்பவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் கேட்டு வாங்கும் அனுமதியை அந்தக் குடும்பத்தின் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பணம் அவர் கையிலிருந்து வந்திருக்கும்போது அவர் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல அவர்களால் முடியாது. பெயர் வெளியிடலாமா, முகம் தெரியலாமா என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று சொன்னால் அச்சில் தவிர்த்துவிடுங்கள். உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். எங்கெங்கே வெளியிடப் போகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிரதி தருவதாகச் சொன்னால், அவர்கள் அடுத்த வயலுக்குப் போய்விடும் முன்பே அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசிக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், தாளில் அச்சிட்ட படமாகவே கொடுப்பது நல்லது. அப்படிக் கொடுக்கப் போகும் இரண்டாவது முறைதான் பெரும்பாலும் உண்மையான பேச்சு தொடங்கும். எடுத்த படத்தைப் பார்த்து, இது நாங்கள் இல்லை, இப்படிக் காட்டாதே என்று அவர்கள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அலபாமாவின் ஹேல் மாவட்டத்தில் 1936 கோடையில் அதே பிரிவின் கலைஞர் வாக்கர் எவன்ஸ் மூன்று உழவர் குடும்பங்களை எடுத்த படங்கள் கலையில் உச்சமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், தாங்கள் வெறுங்காலோடும் அழுக்கு உடையோடும் ஊரறியக் காட்டப்பட்டதை அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த சிலர் பல பத்தாண்டுகள் கழித்தும் மன்னிக்கவில்லை. அதே குடும்பத்தார் குளித்து, நல்ல உடை உடுத்தி, வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்களும் எவன்ஸின் நெகட்டிவ்களில் இருந்தன. அவர்கள் விரும்பிய படத்தையும் சேர்த்து எடுங்கள், அதையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

கேள்வி: இந்தப் படங்களை எங்கள் நூலகத்தில் கண்காட்சியாக வைக்க அனுமதி வாங்க வேண்டுமா? வேறு யாருடைய படங்களைச் சேர்க்கலாம்? (நூலகர், தஞ்சாவூர்)

பதில்: அரசாங்க ஊழியர்கள் பணியின்போது எடுத்தவை என்பதால் இவை பொதுவுடைமை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் பெரிய அளவிலேயே கிடைக்கின்றன. லாங், எவன்ஸ் இருவரோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபுளோரிடாவின் பெல் கிளேடில் காய்கறிக் கூலிகளின் நெரிசலான குடியிருப்புகளை மேரியன் போஸ்ட் வொல்காட் 1939-ல் எடுத்திருக்கிறார். உருளைக்கிழங்கு அறுவடைக்காக ஃபுளோரிடாவிலிருந்து நியூ ஜெர்சி நோக்கிப் போன கறுப்பினத் தொழிலாளர் குழு ஒன்றை, வழியில் வட கரோலினாவில் ஜாக் டெலானோ 1940-ல் எடுத்திருக்கிறார். டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டியில் கீரைத் தோட்டங்களை நம்பிய மெக்சிகக் குடும்பங்களின் வீட்டு உட்புறங்களை ரஸ்ஸல் லீ 1939-ல் பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். இந்த மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானவை லீயுடையவைதான். ஒவ்வொரு படத்தோடும் மூலக் குறிப்பைத் தமிழில் பெயர்த்து ஒட்டுங்கள். துளையிடப்பட்ட நெகட்டிவ்களின் அச்சுகளும் அதே தளத்தில் கிடைக்கும். அவற்றில் இரண்டையாவது சேர்த்து, துளை எப்படி வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.